சினம் காத்த சலேசியார்

சினம் எழாதவர் உலகில் அரியர். எழுந்த சினத்தைச் சொல்லிற் செல்லாமற் காப்பவர் அவரினும் பெரியர். இயல்பில் விரைந்து வெகுளும் தன்மையராய்ப் பிறந்து, இடைவிடாப் பயிற்சியால் இன்சொல்லுக்கே இருப்பிடமாய் விளங்கியவர் பிரான்சிசு சலேசியார்.

இவர் 1567ஆம் ஆண்டு, ஆல்ப்சு மலையை அடுத்த சவாய் நாட்டில் உயர்குடியிற் பிறந்தார். பாரிசில் கலைகளையும் பதுவை நகரில் சட்டத்தையும் கற்றார். தம் மைந்தர் அரசியலில் உயர்பதவி பெறுதல் வேண்டும் எனத் தந்தையார் விழைந்தார். சலேசியாரோ இறைபணியையே நாடி, 1593இல் குருப்பட்டம் பெற்றார்.

அந்நாளில் ஐரோப்பியக் கிறித்தவர், கத்தோலிக்கர் என்றும் சீர்திருத்தச் சபையார் என்றும் பிரிந்து, ஒருவரையொருவர் பகைத்து வந்தனர். 1594இல் சலேசியார், சீர்திருத்தச் சபையார் நிறைந்த சாப்லே பகுதிக்குச் சென்றார். மக்கள் அவர் உரையைக் கேட்க மறுத்தனர். சிலர் அவரைக் கொல்லவும் முயன்றனர். அவர் எவரையும் வெறுத்தாரல்லர். செவி கொடாதார் கண்ணேனும் கொடுப்பர் எனக் கருதி, தம் கருத்துகளைத் தாள்களில் எழுதி, வீட்டுக் கதவுகளின் கீழே செருகச் செய்தார். வசைமொழி திறவாத கதவுகள் சில, அவர்தம் பொறுமைக்குத் திறந்தன.

1602இல் அவர் செனீவா மறைமாவட்டத்தின் ஆயரானார். செனீவா நகர் மாற்றுச் சபையார் ஆட்சியில் இருந்தமையால் அனெசி என்னும் ஊரில் தங்கினார். ஒருநாள் உயர்குடி இளைஞன் ஒருவன் அவர் இல்லம் புகுந்து, வாயில் வந்தவாறு ஏசினான். சலேசியார் ஒரு சொல்லும் மறுமொழி கூறவில்லை. அவன் அகன்றபின், உடனிருந்தோர் வியந்து காரணம் வினவினர். உள்ளம் கொதிக்கும்பொழுது பேசுவதில்லை எனத் தம் நாவோடு உடன்படிக்கை செய்துள்ளதாக அவர் விடையளித்தார். பல்லாண்டுகளாகத் துளித்துளியாய்ச் சேர்த்த பொறுமையைச் சிறுபொழுதிற் கொட்டிவிடத் தாம் அஞ்சியதாகவும் கூறினார் என்பர். அம்மௌனம் கோழைமை அன்று. தம்மைத் தாமே வென்ற வீரமாகும்.

இல்லறத்தாருக்கும் பயன்படுமாறு 1609இல் அவர் வெளியிட்ட நூலில் மற்றொன்றையும் அறிவுறுத்தினார். பிறர் குறையைப் பொறுத்தல் போலவே, தம் குறை கண்டவிடத்தும் தம்மையே வெகுண்டு வருத்தாது, அமைதியாகத் திருத்திக்கொள்ளல் வேண்டும் என்பதே அது.

சலேசியார் 1622இல் லியோன் நகரில் மறைந்தார். 1665இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பெற்றது. அவர் பெயர் தாங்கிய சலேசியத் துறவியர் 1906இல் தஞ்சைக்கு வந்து கல்விப்பணி தொடங்கினர்.

மாணவர்களே! சினம் எழுதல் இயற்கை. அதனைச் சொல்லாக்காது சற்றே நிறுத்துதல் பயிற்சி. அப்பயிற்சி கைவந்தால், பகையும் ஒருநாள் நட்பாகும்.