மலையை வெட்டாத கேம்பஸ்: லாரி பேக்கர்

சிவில் பசங்களுக்கு மட்டும்னு நினைச்சு இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிடாதீங்க. ஒரு கேம்பஸ் எப்படி வளரணும் என்பது அதில் நாலு வருஷம் உட்கார்ந்து படிக்கிற எல்லாருக்குமான கேள்வி. அதுக்கு நல்ல பதில் சொன்னவர் லாரி பேக்கர். 2007-ல், நாம எல்லாம் குழந்தைகளா இருந்தப்பவே, அவர் காலமாகிவிட்டார்.

பேக்கர் 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தார். அங்கேயே ஆர்க்கிடெக்சர் படித்து 1937-ல் முடித்தார். ரெண்டு வருஷத்துல உலகப் போர் வந்துடுச்சு. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், ஆயுதம் தூக்க மாட்டார். அதனால் ஆம்புலன்ஸ் குழுவோடு சீனா போய் நோயாளிகளைக் கவனித்தார். ஊர் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். வீடு கட்டத் தேவையான பொருள் அஞ்சு மைல் சுற்றளவுக்குள்ளேயே கிடைக்கணும் என்ற காந்தியின் எண்ணம் கடைசி வரை அவரை விடவே இல்லை.

1945-ல் தொழுநோயாளிகளுக்கான கட்டட வேலைக்காக இந்தியா வந்தார். 1948-ல் கேரளத்து டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பைத் திருமணம் செய்துகொண்டார். இமயமலைச் சரிவில் உள்ள பித்தோராகரில் இருவரும் சுமார் 16 வருஷம் வாழ்ந்தார்கள். அந்த அம்மா வைத்தியம் பார்த்தார், இவர் கட்டினார். காலேஜில் படிச்ச ஸ்டீலும் கான்கிரீட்டும் அந்த மலையில் உதவல. ஊர் ஜனங்க கல்லும் மண்ணும் வச்சு, சரிவோடு ஒட்டி வீடு கட்டுறதைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டார். 1963-ல் இருவரும் வாகமண் வந்தார்கள். போடிமெட்டு ஏறினா வருதே, அதே இடுக்கி மாவட்டம்தான். அதன் பிறகு திருவனந்தபுரத்தில் குடியேறினார்கள்.

அங்கேதான் நம்ம விஷயம் வருது. பொருளாதார நிபுணர் கே.என்.ராஜ் 1971-ல் திருவனந்தபுரம் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தைத் தொடங்கினார். சுமார் பத்து ஏக்கர், சரிவான நிலம், நிறைய மரங்கள். வழக்கமா என்ன செய்வாங்க? மேட்டை வெட்டிச் சமமாக்கி, நடுவுல ஒரு பெரிய பிளாக் எழுப்புவாங்க. பேக்கர் அப்படிச் செய்யல. நூலகத்தை ஏழு மாடிக் கோபுரமா நிறுத்தினார். வகுப்பறை, அலுவலகம், விடுதி எல்லாத்தையும் சரிவு எப்படிப் போகுதோ அப்படிச் சின்னச் சின்னதா பிரித்து வைத்தார். மரம் குறுக்கே வந்தால் சுவரைத்தான் வளைச்சார், மரத்தை வெட்டல.

டெக்னிக்கும் சிம்பிள். செங்கல்லுக்கு நடுவே ஓட்டை விட்டுக் கட்டும் ஜாலி சுவர் இருந்தா கண்ணாடி, ஃப்ரேம், கிரில் எதுவும் வேண்டாம். காத்தும் வரும், வெயிலும் கண்ணைக் கூசாது. ராட் ட்ராப் பாண்டில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்துவாங்க. நடுவில் காற்று இருக்கும் இடைவெளி உள்ளே சூட்டைக் குறைக்கும், செங்கல்லும் ஏறத்தாழ கால்வாசி மிச்சம். ஃபில்லர் ஸ்லாபில், இழுவிசை வரும் அடிப்பகுதியில் சும்மா கிடக்கும் கான்கிரீட்டுக்குப் பதிலா பழைய மங்களூர் ஓட்டை வைக்கலாம்.

ஆனா எனக்கு முக்கியமாப் பட்டது வேற. பிறகு கம்ப்யூட்டர் சென்டர் தேவைப்பட்டது. அதுக்குக் குளிரூட்டிய, மூடிய ஹால் வேணும். காத்து புகும் ஜாலி சுவர் அதுக்கு ஒத்து வராது. பேக்கர் ரெண்டு சுவர் கட்டினார். உள்ளே மூடிய ஹால், வெளியே வட்டம் வட்டமா ஜாலி சுவர், நடுவே கிடைத்த இடத்தில் ஆபீஸும் ஸ்டோரும். பழைய கட்டடங்களோடு அதுவும் ஒண்ணா கலந்துடுச்சு. ஃப்ளெக்சிபிள்னா சுவரை நகர்த்துறதுன்னு மட்டும் நினைக்காதீங்க. நேத்து கட்டினதை இடிக்காமல் நாளைக்கு ஒண்ணு சேர்க்க முடியணும், அதுதான்.

இதுல கஷ்டமும் உண்டு. பேக்கர் சைட்டிலேயே நின்று, கொத்தனாரோடு பேசிப் பேசி முடிவு எடுத்தார். நல்ல செங்கல்லும் கைத்தேர்ச்சியும் இல்லாமல் பூச்சு பூசாத சுவர் நிக்காது. எல்லாரும் அப்படிச் செய்ய முடியாது. அதனால்தான் 1985-ல் அச்சுத மேனன், கே.என்.ராஜ் போன்றவர்களோடு சேர்ந்து காஸ்ட்ஃபோர்டு அமைப்பைத் தொடங்கினார். தொழில் ஒரு ஆளோடு நின்று போகக் கூடாதே. 1989-ல் இந்தியக் குடியுரிமை, 1990-ல் பத்மஸ்ரீ கிடைத்தன.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. மூணாறு கேப் ரோட்டில் மலையை வெட்டி அகலப்படுத்தினப்போ எத்தனை தடவை மண் சரிஞ்சுதுன்னு போடிக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாளைக்கு ஏலக்காய்த் தோட்டச் சரிவில் ஒரு ஸ்கூலோ ஹாஸ்டலோ டிசைன் பண்ணச் சொல்லி நம்மகிட்டதான் வருவாங்க. அப்போ கேரளத்து ஜாலி சுவரை அப்படியே காப்பி அடிக்காதீங்க. மேலே மழையும் குளிரும், கீழே போடியில் வெயில். ரெண்டுக்கும் ஒரே சுவர் ஆகாது. ஜே.சி.பி. வர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் அந்தச் சரிவில் நடங்க. தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, எந்த மரம் எங்க நிக்குது, பக்கத்துல என்ன கல் கிடைக்குதுன்னு குறிச்சுக்கோங்க. ஆட்டோகேடைத் திறக்கிறது அதுக்கு அப்புறம்.