ஐந்தாண்டுக் காத்திருப்பு

நுழையும்முன்

தேர்தலில் வென்றவர்களின் வரலாற்றையே நாம் மிகுதியாகப் படிக்கிறோம். வேட்பாளராக நிறுத்தப்படாமல் போனவரின் நிலையும் எண்ணிப் பார்க்கத்தக்கதே. 1957ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வேட்பாளராகியிருக்கக்கூடிய ஒருவர், ஐந்தாண்டுகள் கழித்தே அப்பதவியை அடைந்தார். அவர்தம் வாழ்வை அறிவோம்.

வட ஆர்க்காட்டு மாணவர்

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று, அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் திருத்தணியில் பிறந்தார். தந்தை வீராசாமி வருவாய்த்துறையில் சிறுபணி ஆற்றியவர். வசதி குறைந்த குடும்பம். இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்த வாலாஜாபேட்டையிலும், பின்னர் வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும் இராதாகிருஷ்ணன் பயின்றார். உதவித்தொகையே அவரது கல்விக்குத் துணைநின்றது. பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம் தத்துவ நூல்களை அவருக்கு வழங்க, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவர் தத்துவத்தையே பாடமாக ஏற்றார். வறுமை காரணமாகத் தேர்ந்த பாடமே அவரை உலகறியச் செய்தது.

1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். மைசூர், கல்கத்தா, ஆக்சுபோர்டு பல்கலைக்கழகங்களில் பேராசிரியராகவும் சோவியத் நாட்டில் இந்தியத் தூதராகவும் விளங்கினார். 1952இல் நாட்டின் முதல் குடியரசுத் துணைத்தலைவரானார்.

கைநழுவிய வாய்ப்பு

1957இல் இராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவராக வேண்டுமெனப் பிரதமர் நேரு விரும்பினார். ஆயினும் மௌலானா ஆசாத் உள்ளிட்ட காங்கிரசுத் தலைவர்கள் இராசேந்திர பிரசாத்தே தொடர வேண்டும் என்றனர். பிரசாத் வேட்பாளராகி, 4,59,698 வாக்குமதிப்புப் பெற்று வென்றார். மனம் வருந்திய இராதாகிருஷ்ணன், துணைத்தலைவர் பதவியிலிருந்து விலகிவிட எண்ணினார். நேருவின் வேண்டுகோளை ஏற்று அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். மாநிலங்களவைத் தலைவராக மேலும் ஐந்தாண்டுகள், வகுப்பறையை நடத்தும் ஆசிரியரின் கனிவோடும் கண்டிப்போடும் அவையை நடத்தினார்.

அன்று அவரே வேட்பாளராகியிருந்தால்?

1957இல் அவர் வென்றிருந்தால், 1959 சூலை 31 அன்று கேரளத்தின் நம்பூதிரிபாடு அரசைக் கலைத்த ஆணை அவர் மேசைக்கே வந்திருக்கும். அதில் அவர் கையொப்பமிட்டிருப்பாரா, அமைச்சரவையை மறுஆய்வு செய்யக் கேட்டிருப்பாரா என்பது விவாதத்திற்குரியது. ஒரு பதவிக்காலத்தோடு அவர் ஓய்வு பெற்றிருந்தால், 1962 மே மாதத்தில் வேறொருவர் அப்பொறுப்பை ஏற்றிருப்பார். நாட்டின் கடுஞ்சோதனைகள் அதற்குப் பின்னரே வந்தன.

காலம் தந்த பொறுப்பு

1962 தேர்தலில் 5,53,067 வாக்குமதிப்புப் பெற்று இராதாகிருஷ்ணன் வென்றார். ஐந்தே மாதங்களில் சீனப் போர் மூண்டது. அக்டோபர் 26 அன்று நெருக்கடி நிலையை அறிவித்தார். 1964 மே 27 அன்று நேரு மறைந்தார். 1965இல் பாகிசுதானுடன் போர் நிகழ்ந்தது. 1966 சனவரி 11 அன்று தாசுகண்டு நகரில் லால் பகதூர் சாத்திரி காலமானார். பிரதமர் மறைந்த இரு வேளைகளிலும் காலந்தாழ்த்தாது குல்சாரிலால் நந்தாவை இடைக்காலப் பிரதமராக்கினார். கட்சி தன் தலைவரைத் தேர்ந்தபின் சாத்திரிக்கும், அடுத்து இந்திரா காந்திக்கும் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். இளங்குடியரசில் ஆட்சிமாற்றம் அரசமைப்பின் வழியே அமைதியாக நிகழ்ந்தது.

அரசின் குறைகளைச் சுட்டிக்காட்டவும் அவர் தயங்கவில்லை. 1957இல் மனக்கசப்போடு அவர் விலகியிருந்தால், அனுபவம் முதிர்ந்த இத்தலைமை அந்நாள்களில் நாட்டிற்குக் கிட்டாமலே போயிருக்கும்.

1967 மே மாதத்தில் பதவிக்காலம் முடிந்ததும், மறுமுறை போட்டியிடாமல் சென்னை மயிலாப்பூரில் உள்ள தம் இல்லத்திற்குத் திரும்பினார். 1975 ஏப்ரல் 17 அன்று மறைந்தார். அவர் பிறந்தநாளை இன்றும் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம்.