எலும்புப் புற்றுநோய் மருந்துக்கு வழி வகுத்த டாக்டர் சுப்பாராவ்

முழங்காலுக்கு அருகே வலி, வீக்கம். பரிசோதித்துப் பார்த்தால் எலும்புப் புற்றுநோய். பெரும்பாலும் வளரும் வயதுப் பிள்ளைகளைத் தாக்கும் நோய் இது. இதற்கு இன்று கொடுக்கப்படும் முக்கிய மருந்துகளில் ஒன்று மெதோட்ரெக்சேட். அந்த மருந்தை உண்டாக்கிய ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ஓர் இந்தியர். சென்னையில் படித்தவர். அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

வீட்டை விட்டு ஓட்டம்

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஆந்திராவில் பீமாவரத்தில் பிறந்தார். குடும்பத்தில் வறுமை. காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று 13 வயதில் வீட்டை விட்டு ஓடினார். தாயார் வெங்கம்மா அவரைப் பிடித்து வந்து மறுபடியும் படிக்க வைத்தார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்த அவர், மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார்.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியரானார்.

இதற்கிடையே அவருடைய சகோதரர்கள் இருவர் "ஸ்புரூ" என்னும் வயிற்றுப்போக்கு நோய்க்கு அடுத்தடுத்துப் பலியானார்கள். அந்தத் துயரம் அவர் மனதை விட்டு நீங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை

மனைவியை ஊரில் விட்டுவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பாஸ்டன் நகரில் பகலில் படிப்பு. இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பாத்திரங்களைக் கழுவும் வேலை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பெரிய கண்டுபிடிப்புகளில் பங்கு பெற்றும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார்.

கீரையில் இருந்த சத்து

அப்போது விஞ்ஞானிகள் ஒரு புதிய சத்தைத் தேடிக்கொண்டிருந்தனர். பம்பாயில் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகை, ஈஸ்டுச் சாற்றைக் கொடுத்தால் தீருகிறது என்று லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் 1931-ல் அறிவித்திருந்தார். அவர்களில் துணி ஆலைகளில் வேலை செய்த பெண்களும் உண்டு. அதே சத்தை 1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் 4 டன் பசலைக்கீரையிலிருந்து பிரித்தனர். லத்தீன் மொழியில் இலைக்குப் "போலியம்" என்று பெயர். அதனால் அச்சத்துக்குப் "போலிக் அமிலம்" என்று பெயர் வைத்தார்கள்.

இந்தச் சத்தை ஆராய்ச்சிக்கூடத்திலேயே தயாரிக்கும் வழியை 1945-ல் சுப்பாராவின் குழு கண்டது. ஸ்புரூ நோயாளிகளுக்கு அது நல்ல பலன் தந்தது. ஆனால் அவருடைய சகோதரர்களுக்கு அது காலம் கடந்து வந்த மருந்து.

பகையே மருந்தானது

பாஸ்டனில் சிட்னி பார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இவ்வகைச் சத்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, முன்னிலும் வேகம் எடுப்பதாகத் தோன்றியது. அப்படியானால், சத்து கிடைக்காமல் செய்தால் நோய் அடங்குமா?

சுப்பாராவின் குழு போலிக் அமிலத்தைச் சற்றே மாற்றி அமைத்தது. புற்றுநோய் செல் இதை உண்மையான சத்து என்று ஏமாந்து ஏற்கும். பிறகு பெருக முடியாமல் அழியும். இப்படிப் பிறந்த மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று 1948-ல் பார்பர் வெளியிட்டார். அதே வகையில் உருவானதுதான் மெதோட்ரெக்சேட்.

1970-களில் டாக்டர்கள் இதை மிக அதிக அளவில் எலும்புப் புற்றுநோய்க்குக் கொடுத்தனர். மறுநாள், உடலின் நல்ல செல்களைக் காக்க, போலிக் அமில வகை மாற்று மருந்தும் கொடுத்தனர். முன்பு காலை வெட்டி எடுத்தும் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இன்று அறுவைச் சிகிச்சையோடு இதையும் வேறு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பதால், நோய் பரவுமுன் வந்தவர்களில் பத்துக்கு ஆறேழு பேர் பிழைக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது

கீரையை ஆராய்ந்ததால் மருந்து பிறந்தது. ஆனால் கீரையே இந்நோய்க்கு மருந்து ஆகாது. பச்சிலைச் சாற்றை நம்பி நாளைக் கடத்தினால் நோய் முற்றிவிடும். இம்மருந்து சாப்பிடும்போது டாக்டரைக் கேட்காமல் சத்து மாத்திரை சாப்பிடுவதும் கூடாது.

சுப்பாராவ் தாய்நாடு திரும்பவே இல்லை. 1948 ஆகஸ்டில் 53-வது வயதில் காலமானார். யானைக்கால் நோய்க்கு நம் நாட்டில் கொடுக்கப்படும் டி.இ.சி. மாத்திரையும் அவர் குழு தந்ததே. 1995-ல் அவருடைய நூற்றாண்டின்போது இந்திய அரசு தபால் தலை வெளியிட்டது.