நாதமும் மூச்சும்: திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை

சிவாலயங்களில் திருவனந்தல் தொடங்கி அர்த்தசாமம் ஈறாக ஒலிக்கும் மங்கல இசை நாகசுர இசையாகும். யாகசாலைப் பிரவேசம், கடம் புறப்பாடு, திருவீதியுலா ஆகிய யாவற்றிற்கும் அதுவே முன் நிற்கும். அந்நாதத்தைச் செவியால் துய்க்கும் அன்பர்கள், அதனை எழுப்புவோரின் கண்டம் படும் பாட்டை அறிவது அரிது. இடைவிடாது ஊதும் கலைஞர்க்குத் தொண்டை வறண்டு, புண்ணாகி, குரல் கம்மிப்போதல் உண்டு. நாகசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பெற்ற திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் வரலாறு இவ்வல்லலினின்றும் நீங்கும் நெறியையும் காட்டுவதாகும்.

காவிரித் தென்கரைத் தலமாகிய திருவாவடுதுறை, திருமூல நாயனார் அரசமரத்தின் கீழ்ச் சிவயோகத்து எழுந்தருளியிருந்து திருமந்திரம் அருளிய திருப்பதி. மூச்சை நெறிப்படுத்தும் பிராணாயாம முறையை அந்நூலின் மூன்றாம் தந்திரம் விரித்துரைக்கின்றது. மூச்சையே தொழிலாகக் கொண்ட ஒரு பெருங்கலைஞர் அத்தலத்தின் பெயராலேயே உலகறிய விளங்கினமை நினைந்து மகிழ்தற்குரியது.

இராசரத்தினம் பிள்ளை 1898 ஆம் ஆண்டு இசைவேளாளர் மரபிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவரைத் தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை மகன்மை கொண்டு வளர்த்தார். அவர் முதலிற் பயின்றது வாய்ப்பாட்டே. பிடில் வித்துவான் திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் இசை கற்ற பின்னர், அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகசுரம் பயின்றார். பாடுவோன் தன் தொண்டையின் இயல்பை நன்கு அறிவான். அதனை இறுக்கினால் நாதம் கெடும் என்பதும் அவனுக்கு விளங்கும். வாய்ப்பாட்டில் ஊறிய அவ்வறிவு குழலை ஏந்துவார்க்குப் பெருந்துணையாவது.

கண்டம் நோவதற்குரிய காரணங்கள் சில. ஊதுங்கால் காற்றை வயிற்றினின்று எழுப்பாமல் கழுத்தை இறுக்கித் தொண்டையால் தள்ளுதல் முதற்காரணம். மூச்சு அடிவயிற்றினின்று எழுந்து, திறந்த கண்டத்தின் வழியே தடையின்றிச் சென்று சீவாளியை அடைதல் வேண்டும். சீவாளி கடினமாயிருப்பின் அதனைப் பேசவைக்க மிகுந்த அழுத்தம் வேண்டியிருக்கும். அப்போது கழுத்து தானே இறுகும். ஆதலின் சீவாளியை ஈரப்படுத்தி, தன் மூச்சிற்கு இசைவானதைத் தேர்ந்து, கெண்டையில் பொருத்துதல் வேண்டும். நாவறட்சியும் புகையும் நோவினை மிகுவிக்கும்.

முற்காலத்தில் பெரிதும் வழங்கியது திமிரி என்னும் குறுகிய நாகசுரம். ஒலிபெருக்கி இல்லாத நாளில் திருவீதி முழுவதும் கேட்கும்படி, உச்ச சுருதியில், மிகுந்த வலிவோடு அதனை ஊதினர். அக்குழலில் சுத்த மத்திமத்தைச் செம்மையாக இசைத்தல் அரிதாயிருந்தது. அக்குறையை நீக்க விழைந்த இராசரத்தினம் பிள்ளை, அண்மையிலுள்ள நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்வதில் வல்லவரான ரங்கநாதன் ஆசாரியாரைக் கொண்டு, நீண்டு தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகசுரத்தை உருவாக்குவித்தார். சுத்த மத்திமம் அதில் இயல்பாகப் பேசியது. ஒலியும் மனிதக் குரல்போற் கனிந்தது. திமிரிக்கு வேண்டிய கடும் அழுத்தம் அதற்கு வேண்டுவதின்று. நீண்ட, நிதானமான மூச்சே வேண்டும். இசைநயம் கருதிச் செய்த அம்மாற்றம் ஊதுவோர் கண்டத்திற்கும் நன்மையாயிற்று. பாரியே பின்னர்த் தமிழகமெங்கும் பரவியது.

தோடி இராகத்தைப் பல மணி நேரம் விரித்து ஆலாபனை செய்யும் ஆற்றல் அவர்க்கே உரியதெனப் புகழ்பெற்றது. வலிந்து ஊதும் கண்டம் அத்துணை நேரம் தாங்காது. நெறிநின்ற மூச்சே தாங்கும். 1940 ஆம் ஆண்டு வெளிவந்த காளமேகம் திரைப்படத்திலும் அவர் நடித்தார். 1947 ஆகஸ்டு விடுதலைத் திருநாளின்போது ஆதீனத்துத் தம்பிரானுடன் தில்லி சென்று இசைத்தார். 1955 இல் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றார். 1956 டிசம்பர் 12 ஆம் நாள், தமது 58 ஆம் வயதில், சென்னையில் இறைவனடி எய்தினார்.

அப்பெருமகனாரை நினைவுகூரும் அன்பர்களுக்கும் திருப்பணிச் செல்வர்களுக்கும் கடமை ஒன்று உண்டு. குடமுழுக்கு நாள்களில் காலந்தோறும் ஒருவரையே ஊதவையாது, முறைமாற்றி வாசிக்க இரண்டு குழுவினரை அமர்த்துதல் நலம். வேள்விப் புகை படராத இடத்தில் அவர்களை இருத்துக. குளிர்பானம் தவிர்த்து இளவெந்நீர் அளித்திடுக. ஒலிபெருக்கி உள்ளவிடத்து மிக உரத்து ஊதும்படி வற்புறுத்தற்க. தொண்டை நொந்த கலைஞர்க்கு ஓய்வு நல்குக; குரற்கம்மல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடிப்பின் மருத்துவரிடம் காட்டுதல் இன்றியமையாதது.

தேவர் உய்யும் பொருட்டு ஆலகால நஞ்சைத் தம் கண்டத்தில் அடக்கியவர் நீலகண்டப் பெருமான். அவர் சந்நிதியில் மூச்சினையே மலராக்கிச் சாத்துவோரின் கண்டம் நோவாது காத்தலும் சிவப்பணியேயாம். கலசத்திற்குப் பொன் ஈந்த கைகள் இதற்கும் உதவுக. மங்கல நாதம் என்றும் ஓங்குக.

திருச்சிற்றம்பலம்.