நமது விசுவாச முன்னோர்

கிருலப்பனையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் நீங்கள் உங்கள் வம்சத்தின் வேரைத் தேடும்போது, இவரையும் முன்னோராக எண்ணுங்கள்.

கோவாவில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட கொங்கணிப் பிராமணக் குடும்பமொன்றில், 1651ஆம் ஆண்டு யோசேவ் வாஸ் பிறந்தார். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நம் குடும்பங்கள் குருவின்றியே விசுவாசத்தைக் காத்தன. 1687இல் இரவலர் வேடத்தில் வந்த அடிகளார், தமிழ் பயின்று, இரவு வேளைகளில் மறைவாகத் திருப்பலி நிறைவேற்றினார். கண்டியில் சிறைப்பட்டார், விடுதலையான பின் அம்மை நோயாளரைப் பேணினார். 1711 ஜனவரி 16இல் அங்கேயே உயிர்நீத்தார்.

துறவியான அவருக்குச் சந்ததியில்லை. கல்லறையும் அடையாளமின்றி மறைந்தது. ஆயினும் 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, திரண்டிருந்தோர் அவர் வழிவந்த விசுவாசிகளே.

இன்றிரவு குடும்ப செபமாலையில், உங்கள் பாட்டன் பூட்டனோடு அவரையும் பிள்ளைகளுக்கு நினைவூட்டுங்கள்.