டிரம்ஸ் வாசித்தவரின் ஒரே இசைத்தட்டு

கச்சேரின்னா எல்லாரும் பாடகரைத்தான் பார்ப்போம். பின்னாடி உட்கார்ந்து டிரம்ஸ் வாசிக்கிறவரை யார் கவனிக்கிறோம்? அப்படி ஒருவரின் கதை இது.

டென்னிஸ் வில்சன் 1944 டிசம்பர் 4-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்தார். அண்ணன் பிரையன், தம்பி கார்ல். 1961-ல் வீட்டிலேயே பாட்டுக்குழு தொடங்கியபோது டென்னிஸை யாரும் பெரிசா நினைக்கலை. அம்மா சொன்னதாலதான் சேர்த்துக்கிட்டாங்க. அதுதான் புகழ்பெற்ற ‘பீச் பாய்ஸ்’ குழு. அதில் கடல் அலைமேல் பலகையில் நின்று சறுக்கத் தெரிஞ்சவர் இவர் ஒருத்தர்தான். அதைப் பத்தியே பாட்டு எழுதலாமேன்னு யோசனை சொன்னதும் இவர்தான். அந்தப் பாட்டுதான் குழுவின் முதல் இசைத்தட்டு!

ஆனாலும் ஒலிப்பதிவில் பல பாட்டுக்கு வேறு கலைஞர்களே டிரம்ஸ் வாசிச்சாங்க. டென்னிஸ் சோர்ந்து போகலை. தானாகவே பியானோ பழகி, 1968-ல் இருந்து தன் பாட்டுகளைக் குழுவுக்குக் கொடுத்தார். 1971-ல் கண்ணாடி குத்திக் கையில் பலத்த காயம். கொஞ்ச காலம் டிரம்ஸே வாசிக்க முடியலை. அப்பவும் மெட்டுப் போடுவதை விடலை.

1977-ல் ‘பசிபிக் ஓஷன் ப்ளூ’ வெளிவந்தது. 12 பாட்டு கொண்ட எல்.பி. இசைத்தட்டு. பீச் பாய்ஸ் குழுவில் தனியாக ஆல்பம் போட்ட முதல் ஆள், அந்தப் பின்வரிசைக்காரர்தான்! அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 96-வது இடம் வரைதான் போனது. இரண்டாவது ஆல்பம் ‘பம்பூ’வை அவர் முடிக்கவே இல்லை. குடிப்பழக்கம் அவர் குரலையும் உடம்பையும் கெடுத்தது. ஆசையாக வைத்திருந்த படகும் கைவிட்டுப் போச்சு.

1983 டிசம்பர் 28. அந்தப் படகு முன்பு நின்ற துறையில், குடித்திருந்த நிலையில் தண்ணீருக்குள் முங்கினார். திரும்பி வரலை. வயசு 39. நண்பர் ஒருவரின் மறைவுக்காக அவர் எழுதி அந்த ஆல்பத்தில் சேர்த்த பாட்டு, அவருடைய இறுதிச் சடங்கிலேயே ஒலித்தது. உடலைக் கடலிலேயே அடக்கம் செய்தாங்க.

அந்த எல்.பி. பல வருஷம் கடையில் கிடைக்காமல் போச்சு. ரசிகர்கள் பழைய தட்டுகளைத் தேடித்தேடி வாங்கிச் சேர்த்தாங்க. 2008-ல் ‘பம்பூ’ பாட்டுகளோடு மறுபடி வெளிவந்தபோது எல்லாரும் பாராட்டினாங்க. கேட்கத்தான் டென்னிஸ் இல்லை.

நண்பர்களே, நம்ம வகுப்பிலும் கடைசி பெஞ்சில் ஒருத்தன் மேஜையில் தாளம் போட்டுக்கிட்டே இருப்பான். இன்னைக்கே அவனை ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேளுங்களேன்!