கரியைக் கவனித்த மருந்துக்கடைப் பையன்

டிப்ளமோதானே என்று சொந்தக்காரர்கள் யாராவது இழுக்கும்போதெல்லாம் எனக்கு கார்ல் வில்ஹெல்ம் ஷீலே ஞாபகம்தான் வரும். எங்க வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். ஷீலே அந்தப் படியே ஏறாதவர்.

1742 டிசம்பர் 9-ல், அப்போது ஸ்வீடன் வசம் இருந்த ஸ்ட்ரால்சுண்ட் என்ற ஊரில் பிறந்தார். இன்று அது ஜெர்மனியில் இருக்கிறது. பதினொரு பிள்ளைகளில் ஏழாவது. 14 வயதில் கோதன்பர்க் நகர மருந்துக்கடையில் வேலை பழகச் சேர்த்துவிட்டார்கள். பகலில் மருந்து அரைப்பது, ராத்திரியில் முதலாளியின் புத்தகங்களைப் படித்துச் சோதனை செய்து பார்ப்பது. இதுதான் அவர் படித்த படிப்பு. பிறகு மால்மோ, ஸ்டாக்ஹோம், உப்சாலா என்று கடை மாறி, 1775-ல் கோப்பிங் என்ற சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தார். பெர்லினிலிருந்து அழைப்பு வந்தும் போகவில்லை.

ஆக்சிஜனை பிரீஸ்ட்லிக்கு முன்பே, 1771-72 வாக்கில் தயாரித்துவிட்டார். ஆனால் புத்தகம் அச்சாகி வெளிவந்தது 1777-ல்! பெயரை பிரீஸ்ட்லி தட்டிக்கொண்டு போய்விட்டார். 1774-ல் பைரோலுசைட் என்ற கறுப்புத் தாதுவை ஆராய்ந்து குளோரினைக் கண்டார். அதற்குள் மாங்கனீஸ் என்ற புது உலோகம் இருப்பதையும் காட்டினார். 1775-ல் ஸ்வீடன் அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. மருந்தாளர் பரீட்சையை அவர் பாஸ் செய்தது 1777-ல்தான். அரியர் வைத்திருக்கிற நண்பர்கள் இதை ஒருமுறை திரும்பப் படிக்கலாம்.

எனக்குப் பிடித்தது 1773-ம் வருஷத்து வேலை. மரக்கரியைச் சூடாக்கினால் காற்றை வெளியே விடுகிறது, ஆறினால் திரும்ப இழுத்துக்கொள்கிறது என்று கவனித்தார். நாம் பரப்புக் கவர்தல் என்று பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுகிறோமே, அதை முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் இவர். பஞ்சு தண்ணீரைக் குடிப்பது மாதிரி இல்லை இது. கரியின் நுண்துளைச் சுவர்களில் மூலக்கூறுகள் போய் ஒட்டிக்கொள்கின்றன. இன்று கிளர்வுற்ற கரி ஒரு கிராமில் 1000 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு கிடைக்கிறது. அந்தக் கரியில் கந்தகம் ஏற்றினால் பாதரசத்தை நன்றாகப் பிடித்து வைக்கும்.

ஆனால் ஷீலேயிடம் ஒரு கெட்ட பழக்கம். எதைத் தயாரித்தாலும் ருசி பார்த்துவிடுவார். ஹைட்ரஜன் சயனைடுக்கே ருசி எழுதி வைத்திருக்கிறார் மனுஷன்! (முதல் வருஷம் பிப்பெட்டை வாயால் உறிஞ்சித் திட்டு வாங்கிய நான் இவரைக் குறை சொல்ல முடியாது.) ஆர்சனிக் அமிலமும் அவர் கண்டதுதான். தாமிரமும் ஆர்சனிக்கும் சேர்ந்த பச்சைச் சாயம் அவர் பெயரிலேயே ஷீலே பச்சை என்று விற்றது. 1786 மே 21-ல் இறந்தபோது வயது 43. சாவதற்குச் சில நாள் முன்புதான் பழைய கடைக்காரரின் விதவையை மணந்துகொண்டார், கடை அந்த அம்மாவுக்கே சேரட்டும் என்று. பாதரசமும் ஆர்சனிக்கும் உடம்பில் ஏறித்தான் போனார் என்று பலர் கருதுகிறார்கள்.

அதே ஆர்சனிக் இன்று மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். தண்ணீரில் பெரும்பாலும் மூன்று இணைதிறன் வடிவில் இருப்பதுதான் சிக்கல். அதற்கு மின்சுமை இல்லாததால் வடிகட்டியில் லேசில் ஒட்டாது. மாங்கனீஸ் டை ஆக்சைடு அதை ஐந்து இணைதிறனுக்கு மாற்றிவிடும். அப்புறம் இரும்பு ஆக்சைடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் நானோ அளவில் இரும்பு ஆக்ஸிஹைட்ராக்சைடு செய்து, இரண்டு வடிவ ஆர்சனிக்கையும் பிடிக்க வைத்தார்கள். அதுபற்றிய கட்டுரை 2017-ல் வெளியானது.

மாங்கனீஸ் டை ஆக்சைடு என்றால் வேறொன்றுமில்லை, ஷீலே 1774-ல் உருட்டிக்கொண்டிருந்த அதே பைரோலுசைட்தான். நம்ம லேபில் இரண்டாவது அலமாரி, கீழ்த்தட்டு, கறுப்புப் பொடி பாட்டில். லேபிள் கிழிந்திருக்கும். திறந்து பாருங்கள், ருசி மட்டும் பார்க்க வேண்டாம்.